ரப்பர் குழாயும் ரத்தக் குழாயும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 71 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியே காலத்தைக் கழித்தவர். போன வாரம் கிளினிக்கில் பிரஷர் 168/66 என்று வந்தது. மருந்து கொடுத்தார்கள், சாப்பிட மாட்டேன் என்கிறார். "மேல கூடுனா என்ன, கீழ கொறஞ்சுதான இருக்கு, ரெண்டும் சரியாப் போச்சு" என்கிறார். "வயசான ரப்பர் குழாய் தொய்ஞ்சுதான் போகும். தொய்ஞ்ச குழாயில எப்படிப் பிரஷர் ஏறும்?" என்றும் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கலா, சுங்கை சிப்புட்

அன்புள்ள கலா,

அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. அதில் பாதி உண்மையும்கூட. வயது ஏற ஏற மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய், அகலமாகத்தான் ஆகிறது. ஆனால் அகலமாகும்போதே விறைத்தும் போகிறது. ரப்பரை மட்டும் வைத்து யோசித்தால் இது பிடிபடாது.

தமனிச் சுவரின் நடு அடுக்கில் எலாஸ்டின் என்ற புரதம் தகடு தகடாக இருக்கிறது. ரப்பர் மாதிரி இழுபடுவது இதுதான். கூடவே கொலாஜன் என்ற இன்னொரு புரதத்தின் இழைகள். இவை எலாஸ்டினைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு விறைப்பானவை. ஆனால் இளம் தமனியில் பெரும்பாலான இழைகள் சுமை தாங்காமல் நெளிந்து கிடக்கும். அப்பாவிடம் சொல்வதானால், ரப்பர் குழாய்மேல் தளர்வாக நைலான் கயிறு சுற்றியதுபோல. ஓரளவு உப்பும்வரை ரப்பர் விட்டுக்கொடுக்கும், அப்புறம் கயிறு பிடித்துக்கொள்ளும். 1957-இல் ரோச், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதத் தமனிகளை எடுத்து, சிலவற்றில் எலாஸ்டினையும் சிலவற்றில் கொலாஜனையும் நீக்கிவிட்டு அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் இளகிக் கொடுப்பது எலாஸ்டின், பிறகு இறுக்குவது கொலாஜன் என்று காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

எலாஸ்டினின் பெரும்பகுதி நாம் பிறப்பதற்கு முன்பும் சின்ன வயதிலும் உருவாகிவிடுகிறது. பிறகு உடல் புதிதாகச் செய்வது மிகக் குறைவு. இதயமோ நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கி, பல பத்தாண்டுகளில் அந்தத் தகடுகள் நைந்து அறுகின்றன. குழாய் அகலமாகிறது, கொலாஜன் நிமிர்ந்து சுமையை வாங்கிக்கொள்கிறது. அப்பா சொல்லும் தொய்வும் கிளினிக் சொல்லும் பிரஷரும் இப்படித்தான் ஒன்றாக வருகின்றன.

சரி, அந்த இரண்டு எண்கள். இதயம் ஒரு துடிப்பில் தள்ளுவது சுமார் 70 மில்லி ரத்தம். இள வயதில் அதில் பாதியளவை மகாதமனி விரிந்து வாங்கி வைத்துக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அனுப்பும். விறைத்த தமனியால் அவ்வளவு வாங்கி வைக்க முடியாது. அதனால் துடிக்கும்போது அழுத்தம் எகிறுகிறது, ஓய்வில் தள்ளிவிட ஆளில்லாமல் இறங்குகிறது. 168-ஐ 66 ஈடுகட்டவில்லை கலா. இரண்டுக்கும் காரணம் அதே விறைப்புதான். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் போகிறது. ஆகவே கீழ் எண் குறைந்திருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருந்து அறுந்த எலாஸ்டினை ஒட்டவைக்காது. ஆனால் அழுத்தம் குறைந்தால் சுவர் குறைவாக இழுபடும், நிமிர்ந்த கொலாஜனில் ஒரு பகுதி மறுபடி நெளியும். அதே சுவர் சற்று இளகி நடந்துகொள்ளும். இதில் பலனும் கண்டிருக்கிறார்கள். மேல் எண் 160-க்கு மேலும் கீழ் எண் 90-க்குக் கீழும் இருந்த 60 வயது தாண்டியவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஷெப் ஆய்வின் முடிவு 1991-இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களிடம் பக்கவாதம் 36 விழுக்காடு குறைவு. உங்கள் அப்பாவின் எண்கள் அப்படியே இந்த வகைதான்.

சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் அது கூடினால் கொலாஜன் இழைகளுக்கிடையே பிணைப்புகள் உண்டாகி இன்னும் விறைக்கும். 2019-இல் மலேசியாவில் எடுத்த தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கடையில் குடிக்கும் தே தாரேக் என்ற இனிப்புப் பால் தேநீரையும் கணக்கில் சேருங்கள்.

மருந்து தொடங்கிய பிறகு, படுக்கையிலிருந்து எழும்போது அப்பாவுக்குத் தலை சுற்றினால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள், அளவை மாற்றித் தருவார்கள்.