கோரைப்பல் எப்போது வந்தது? திரையில் ரத்தக்காட்டேரி: கேள்வி பதில்

கேள்வி: வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்பது பழைய நம்பிக்கையா சார்?

பதில்: இல்லைங்க, சினிமா கொடுத்தது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டனில் நடமாடுகிறான். பகலில் சக்தி குறைவு, அவ்வளவுதான். 1922இல் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'தான் அவனை விடியல் வெளிச்சத்தில் கரைத்தது. உரிமை வாங்காமல் எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பே வாங்கிவிட்டார். சில பிரதிகள் தப்பியதால் நமக்குக் கிடைத்தது.

கேள்வி: அதில் கோரைப்பல் இல்லையே?

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். முன்பற்கள் இரண்டும்தான் எலிக்கு இருப்பதுபோல நீண்டிருக்கும். அவன் வரும் கப்பலில் எலிகளும் கொள்ளைநோயும் கூடவே வருகின்றன. அன்றைய பயம் அது.

கேள்வி: 1931 'டிராகுலா'வில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசிக்கும் பல் தெரியாதே?

பதில்: படம் முழுக்கத் தெரியாது. பயம் எல்லாம் கண்ணில். முகத்தை இருட்டில் விட்டு, கண்களில் மட்டும் சிறு ஒளிக்கீற்று விழும்படி செய்தார்கள். முக்கியமான மாற்றம் வேறு: அவன் கோட்டும் சூட்டும் போட்ட கனவான் ஆகிவிட்டான். நாமே கதவைத் திறந்து வரவேற்கும் ஆள். கோரைப்பல்லை 1953 துருக்கிப் படமும் 1957 மெக்சிகோ படமும் காட்டிவிட்டன. ஆனால் உலகம் முழுக்கப் பதிய வைத்தவர் 1958 பிரிட்டிஷ் 'டிராகுலா'வில் நடித்த கிறிஸ்டோபர் லீ. வாசலில் சிவந்த கண்ணும் வாயெல்லாம் ரத்தமுமாக நிற்பாரே, அந்த ஒரு காட்சி போதும். வண்ணத்தில் வந்த ரத்தம்!

கேள்வி: அவன்மேல் இரக்கம் வரவைத்தது 1992இல் டிராகுலா கதையைக் காதல் கதையாக எடுத்த இயக்குநர் கொப்போலாதானே?

பதில்: இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1936 'டிராகுலாஸ் டாட்டர்' படத்திலேயே டிராகுலாவின் மகளான சீமாட்டி, இந்தப் பசியிலிருந்து விடுதலை வேண்டும் என்று மனநல மருத்துவரிடம் போகிறாள். 1972இல் 'ப்ளாகுலா'. அடிமை வியாபாரத்தை நிறுத்த உதவி கேட்டு வந்த ஆப்பிரிக்க இளவரசனை டிராகுலா கடித்துச் சபித்துவிடுகிறான். இறந்த மனைவியின் சாயலில் ஒருத்தியைப் பல காலம் கழித்துப் பார்த்து, அவளையும் இழந்தபின், தானாகவே படியேறி வெயிலுக்குள் போகிறான். இளவரசனாக நடித்த வில்லியம் மார்ஷல் அந்தப் படிகளில் ஏறும் நிமிர்வைப் பாருங்கள். மறுபிறவிக் காதல் கொப்போலாவுக்கு 20 ஆண்டு முந்தியது. மார்ஷலுக்குரிய பெயரை யாரும் கொடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

கேள்வி: 2008இல் வந்த ரத்தக்காட்டேரிக் காதல் படம் 'ட்விலைட்' எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதா?

பதில்: கெடுக்கவில்லை. வெயிலில் மினுங்கும் தோல் எனக்கும் பிடிக்காதுதான், ஆனால் அந்த இரக்கம் இளசுகளின் காதலாக மாறியதில் ஆச்சரியமில்லை. அதே 2008இல் சுவீடனிலிருந்து 'லெட் தி ரைட் ஒன் இன்' வந்தது. அழைக்காமல் ரத்தக்காட்டேரி வீட்டுக்குள் வரக்கூடாது என்ற பழைய விதிதான். வந்தால் என்ன ஆகும் என்று ரத்தக்காட்டேரிச் சிறுமியிடம் அவளுடைய நண்பனான பையன் விளையாட்டாகக் கேட்கிறான். அவள் பேசாமல் உள்ளே வந்து நிற்கிறாள். கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம் வழிகிறது. பையன் பதறிப்போய், "வரலாம், வரலாம்" என்று அவளைக் கட்டிக்கொள்கிறான்.