பன்னிரண்டு படத்தை ஒரே தாளில் அடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். காந்தப் பொருளை, மேல் அல்லது கீழ் என்று மட்டும் திரும்பும் சிறு காந்தங்களின் (ஸ்பின்கள்) கட்டமாகப் பார்க்கும் இரு பரிமாண ஐசிங் மாதிரியை, சீரற்ற எண்களைக் கொண்டு கணக்கிடும் மான்டி கார்லோ முறையில் சிமுலேஷன் செய்கிறேன். பக்க நீளம் 16, 32, 64 என்று மூன்று லாட்டிஸ் (ஸ்பின்கள் அமரும் சதுரக் கட்டம்). ஒவ்வொன்றுக்கும் ஆற்றல், காந்தமாக்கம், தன்வெப்பம், காந்த ஏற்புத்திறன் என நான்கு அளவுகளை வெப்பநிலையோடு வரைய வேண்டும். பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று பன்னிரண்டையும் ஒரே படத்தில் போட்டேன். நெறியாளர் பார்த்துவிட்டு "இதில் ஒன்றுமே தெரியவில்லையே" என்கிறார். எல்லாமே இருக்கிறதே, எங்கே தவறினேன்? – ஆராய்ச்சி மாணவி

பதில்: நான் உங்கள் நெறியாளர் பக்கம். இந்தச் சிமுலேஷனில் பார்க்க வேண்டியது, லாட்டிஸ் பெரிதாகப் பெரிதாக, காந்தத்தன்மை மறையும் மாறுநிலை வெப்பநிலையை ஒட்டி என்ன நடக்கிறது என்பது. அறிவியலாளர் ஆன்சாகர் 1944-இல் கொடுத்த துல்லியத் தீர்வின்படி, வழக்கமான அலகில், அந்த வெப்பநிலை 2.269. ஆக, ஒப்பிட வேண்டியவை 16, 32, 64 என்ற மூன்றும்தான். நீங்கள் அந்த மூன்றையும் மூன்று வேறு வேறு பெட்டிகளில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஒய் அச்சும் கொடுத்துவிட்டீர்கள். படிப்பவர் 16-இன் உச்சியைப் பார்த்து, அச்சில் எண்ணைப் படித்து, அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு இறங்கி, அங்கே வேறு அச்சில் இன்னொரு எண்ணைப் படித்து... அவ்வளவு தூரம் யாரும் போகமாட்டார்கள். மென்பொருள் தானாக அச்சைப் பெட்டிக்குள் பொருத்திக்கொள்வதால் சின்ன லாட்டிஸின் உச்சியும் பெரிய லாட்டிஸின் உச்சியும் ஒரே உயரம்போலத் தெரியும். நீங்கள் மாதக்கணக்கில் ஓட்டிக் கண்டுபிடித்த வேறுபாட்டை அந்தத் தானியங்கி அச்சு அழித்துவிடுகிறது.

அதனால் முதலில் பன்னிரண்டை நான்காக்குங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பேனல், அதற்குள் மூன்று லாட்டிஸும் மூன்று நிறத்தில், நிறத்தோடு குறியும் மாறட்டும் (வட்டம், சதுரம், முக்கோணம்), கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்து, நான்கையும் எப்படி அடுக்குவது? இதற்கு நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே விதி: உயரத்தை ஒப்பிட வேண்டுமா, பக்கத்தில் பக்கமாக வைத்து ஒய் அச்சைப் பொதுவாக்குங்கள், இடத்தை ஒப்பிட வேண்டுமா, மேலும் கீழுமாக வைத்து எக்ஸ் அச்சைப் பொதுவாக்குங்கள். உங்களுடைய நான்கு அளவுகளும் ஒன்றோடொன்று உயரத்தில் ஒப்பிடக்கூடியவை அல்ல. ஸ்பின் ஒன்றுக்கான ஆற்றல் −2-க்கும் 0-க்கும் நடுவில், காந்தமாக்கம் 0-க்கும் 1-க்கும் நடுவில், காந்த ஏற்புத்திறனோ 64 லாட்டிஸில் பத்துக்கணக்கில் ஏறும். பழக்க தோஷத்தில் ஷேர்எக்ஸ், ஷேர்ஒய் இரண்டையும் ட்ரூ என்று போட்டுவிட்டால் முதல் மூன்று பேனலும் தட்டையான கோடாகிவிடும். ஆனால் எந்த வெப்பநிலையில் எது நடக்கிறது என்பது நான்குக்கும் பொது. ஆகவே ஒரே நெடுவரிசையில் நான்கையும் அடுக்கி, ஷேர்எக்ஸ் மட்டும் கொடுத்து, கீழ்ப் பேனலுக்கு மட்டும் வெப்பநிலை எண்களை விட்டுவிட்டு, 2.269-இல் ஒரு மெல்லிய புள்ளிக்கோட்டை நான்கையும் ஊடுருவிச் செல்வதுபோல் இறக்குங்கள். காந்தமாக்கம் சரியும் இடமும், தன்வெப்பம் உச்சிக்குப் போகும் இடமும் அந்தக் கோட்டை ஒட்டி வந்து நிற்பதைப் பார்க்கும்போது ஒரு பக்க விளக்கம் மிச்சமாகும். எல்லைகளை மடித்து இணைத்த லாட்டிஸ் என்றால், 16-இன் காந்த ஏற்புத்திறன் உச்சி கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் தள்ளியும், 64-இன் உச்சி கோட்டை நெருங்கியும் இருக்கும். அடுக்கி வைத்தால்தான் இது கண்ணில் படும்.

காந்த ஏற்புத்திறனுக்கு மட்டும் ஒய் அச்சை மடக்கை அளவில் போடுங்கள். அதன் உச்சி லாட்டிஸ் நீளத்தின் 7/4 அடுக்காக வளர்கிறது; நீளம் இரட்டித்தால் சுமார் 3.4 மடங்கு, 16-இலிருந்து 64-க்கு வந்தால் சுமார் 11 மடங்கு. சாதாரண அளவில் 16-இன் வளைவு தரையோடு தரையாகப் படுத்துவிடும். மடக்கையில் மூன்று உச்சிகளும் சம இடைவெளிப் படிகளாக நிற்கும், உங்கள் புரோகிராம் சரிதானா என்பதற்கு அதுவே ஒரு சோதனை. தன்வெப்பத்துக்கு இதைச் செய்யாதீர்கள். அதன் உச்சி நீளத்தின் மடக்கையாக மட்டுமே, மெதுவாக வளர்வது, ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூடும். சாதாரண அச்சிலேயே படிகள் சமமாகத் தெரியும்.

ஸ்பின்களின் நேரடித் தோற்றத்தையும் காட்ட ஆசை இருந்தால் அது தனிப் படம்: 2.0, 2.27, 2.6 ஆகிய மூன்று வெப்பநிலைகளில் மூன்று சதுரங்கள், பக்கத்தில் பக்கமாக, அச்சு எண்கள் எதுவும் வேண்டாம், இரண்டே நிறம். இன்டர்போலேஷனை நியரஸ்ட் என்று வையுங்கள், இல்லையென்றால் சிறிய பெட்டியில் ஸ்பின்கள் கலங்கி, சிமுலேஷனில் இல்லவே இல்லாத சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: அடியிலிருந்து சூடாக்கப்படும் திரவ அடுக்கின் சிமுலேஷன். ரேலி எண் (சூடாக்கல் திரவத்தை எவ்வளவு வலுவாக அசைக்கிறது என்பதன் அளவு) 2,000, 10,000, 1,00,000, 10,00,000 என நான்கு ஓட்டங்கள். வெப்பநிலைக்கு நான்கு படம், வேகத்துக்கு நான்கு படம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நிறப்பட்டை நிற்கிறது, பாதி இடம் அதற்கே போகிறது. ஒன்றே ஒன்று போட்டால் போதுமா?

பதில்: வெப்பநிலைக்குப் போதும், போதும் என்ன, ஒன்றுதான் இருக்க வேண்டும். அடித்தட்டு 1, மேல்தட்டு 0 என்று அலகில்லாமல் வைத்திருப்பீர்கள். நான்கு ஓட்டத்துக்கும் எல்லை அதுதான். எனவே நிற எல்லைகளான விமின் 0, விமாக்ஸ் 1 என்று நான்கு படத்துக்கும் நீங்களே கொடுத்துவிடுங்கள். கலர்பார் கட்டளையில் ஒரு அச்சுக்குப் பதில் நான்கு அச்சுகளின் பட்டியலையே கொடுத்தால், நான்குக்கும் பொதுவாக ஒரு பட்டை ஓரத்தில் வந்து உட்காரும். லேஅவுட்டை கான்ஸ்ட்ரெய்ன்ட் என்று வைத்தால் அதற்கான இடத்தையும் அதுவே ஒதுக்கிக்கொள்ளும். ஒன்று கவனம்: எல்லையைக் கொடுக்காமல் பட்டையை மட்டும் ஒன்றாக்கினால், அந்தப் பட்டை ஒரே ஒரு படத்துக்குத்தான் உண்மை பேசும், மற்ற மூன்றுக்கும் பொய். படம் பார்க்க அழகாகவே இருக்கும், அதனால் யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். எனக்கு இதைவிடக் கவலை தரும் தவறு வேறில்லை.

வேகம் அப்படியல்ல. சலனமே ரேலி எண் 1,708-க்கு மேல்தான் தொடங்குகிறது (மேலும் கீழும் திடத் தட்டுகள் என்றால்), ஆக உங்கள் முதல் ஓட்டத்தில் திரவம் அப்போதுதான் அசையத் தொடங்கியிருக்கும், கடைசியில் கொந்தளிக்கும். ஒரே எல்லை கொடுத்தால் முதல் படம் வெறும் ஒற்றை நிறம். தனித்தனி எல்லை கொடுத்தால் நான்கும் ஒரே வேகம்போலத் தோன்றும். நான் என்றால் ஒவ்வொரு ஓட்டத்தையும் அதன் அதிகபட்ச வேகத்தால் வகுத்து, நிறப்பட்டையை 0 முதல் 1 வரை ஒன்றாக்கி, வகுத்த அந்த எண்ணை ஒவ்வொரு பேனலின் தலைப்பிலும் எழுதிவிடுவேன். வடிவத்தைப் படம் சொல்லும், அளவை எண் சொல்லும்.

இன்னொன்றும் செய்யுங்கள். நிறத்தை வைத்து அளவை மதிப்பிடுவதில் நம் கண் பலவீனமானது. புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்ட், மெக்கில் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பொது அச்சில் உள்ள இடத்தைப் படிப்பதை முதலிலும் நிறத்தின் அடர்த்தியைப் படிப்பதைக் கடைசியிலும் வைத்தார்கள். எனவே நான்கு வெப்பநிலைப் படங்களுக்கும் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு கோட்டு வரைபடம் வையுங்கள்: கிடைத்தளச் சராசரி வெப்பநிலை ஒரு அச்சில், உயரம் மற்றொன்றில், நான்கு ஓட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக. ரேலி எண் ஏற ஏறத் தட்டுகளை ஒட்டிய வெப்ப அடுக்கு மெலிவது அதில் பளிச்சென்று தெரியும். நான்கு நிறப்படங்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்தத் துல்லியம் வராது.

ஜெட் என்ற வானவில் நிறத்தை விட்டுவிடுங்கள். இல்லாத விளிம்புகளை இருப்பதுபோலக் காட்டும். 2017-இல் மேட்பிளாட்லிப் 2.0 வந்தபோது இயல்பு நிறமாக இருந்த அதை மாற்றி, விரிடிஸ் என்ற நிறவரிசையைத்தான் அந்த இடத்தில் வைத்தார்கள்.

கேள்வி: திரையில் எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது. கட்டுரையில் சேர்த்தால் எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: பெரிதாக வரைந்து சிறிதாகச் சுருக்குவதால். 12 அங்குல அகலத்தில் வரைந்த படத்தை 3.5 அங்குலப் பத்திக்குள் திணித்தால், 10 புள்ளி எழுத்து 3 புள்ளிக்கும் கீழே போய்விடும். நேச்சர் இதழில் ஒற்றைப் பத்தி 89 மில்லிமீட்டர், இரட்டைப் பத்தி 183. நீங்கள் அனுப்பப்போகும் இதழின் அகலத்தைப் பார்த்து, படத்தின் அளவைக் குறிக்கும் ஃபிக்சைஸில் முதலிலேயே அதைக் கொடுத்து (அங்குலத்தில் கேட்கும், 25.4-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்), எழுத்தை 7, 8 புள்ளி என்று வைத்து வரையுங்கள். அப்புறம், சேமிக்கும்போது பிபாக்ஸ் இன்ச்சஸ் டைட் என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். அது ஓரத்தை வெட்டிவிடும், நீங்கள் கொடுத்த அகலம் மாறிவிடும், கட்டுரையில் சேர்க்கும்போது மறுபடி நீட்டல் சுருக்கல். கான்ஸ்ட்ரெய்ன்ட் லேஅவுட் இருந்தால் அது தேவையே இல்லை.

கேள்வி: சராசரி, விலகல், ஒட்டுறவு எல்லாம் அட்டவணையில் கொடுத்துவிட்டேன். வரைபடம் அவசியமா?

பதில்: அவசியம். புள்ளியியலாளர் ஆன்ஸ்காம் 1973-இல் கொடுத்த நான்கு தரவுத் தொகுப்புகளை ஒருமுறை நீங்களே வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவு 0.816, பொருத்தும் நேர்கோடு கூட ஒன்றே. வரைந்தால் ஒன்று சிதறல், ஒன்று வளைவு, ஒன்று ஒரே ஒரு புள்ளி விலகிய நேர்கோடு, ஒன்று ஒற்றைப் புள்ளியால் இழுக்கப்பட்ட செங்குத்து வரிசை. வரையும்போது நான்குக்கும் இரண்டு அச்சையும் பொதுவாக வையுங்கள்.

கேள்வி: நான் க்னூபிளாட் என்ற வரைபட மென்பொருளில் பழகியவன். நான்கு படம் சேர்த்து வைக்கப் பைத்தானுக்கு மாற வேண்டுமா சார்?

பதில்: வேண்டாம். செட் மல்டிபிளாட் லேஅவுட் 2,2 என்று கொடுத்து நான்கு பிளாட் கட்டளை எழுதினால் வேலை முடிந்தது. ஒய் அச்சில் ஒரு படத்துக்கு 5, இன்னொன்றுக்கு 0.0005 என்று எண் அகலம் மாறும்போது மேல் படமும் கீழ்ப் படமும் இடது ஓரத்தில் ஒட்டாமல் நிற்கும், அதைப் பார்த்துத்தான் பலர் மாறிவிடுகிறார்கள். இடது, வலது ஓரங்களைக் குறிக்கும் எல்மார்ஜின், ஆர்மார்ஜின் இரண்டையும் அட் ஸ்க்ரீன் என்று நெடுவரிசைக்கு ஒன்றாக நிலைநிறுத்திவிடுங்கள், நேராகிவிடும். கடைசியில் அன்செட் மல்டிபிளாட் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் கோப்பு முழுதாக எழுதப்படாமல் நிற்கக்கூடும்.