வாசகர் கேள்வி: உட்காரும் உரிமை சட்டமானது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறக்கும் வரை நின்றே பழகிய எங்களுக்கு இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கேட்டால் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களின் குறை எப்படிச் சட்டமாகிறது? எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் போதுமா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் ஸ்டூலுக்குப் பின்னால் உங்களைப் போன்ற பெண்களே இருக்கிறார்கள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால், கோழிக்கோட்டு ஜவுளிக்கடைகளில் வேலை செய்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்ததன் பயனாகவே 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2019-இல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இக்கோரிக்கையை ஒருமனதாக ஏற்றது. அதன் பின்னரும் ஈராண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில்தான் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் பேரவையில் திருத்த மசோதாவை அறிமுகம் செய்தார். சட்டமாவதற்கான பாதையில் நீண்ட பகுதி பேரவைக்கு வெளியேதான் கடக்கப்படுகிறது என்பதை இதிலிருந்து காணலாம்.

பேரவைக்குள் நடப்பதை விரைவாகச் சொல்லிவிடலாம். துறை வரைவைத் தயாரிக்க, சட்டத்துறை சரிபார்த்து, அமைச்சரவை ஒப்புதல் தந்த பின் மசோதா அவைக்கு வருகிறது. அறிமுகம், விவாதம், பிரிவு வாரியாக வாக்கெடுப்பு என நகர்ந்து, வாக்களிப்போரில் பெரும்பான்மையினர் ஆதரித்தால் நிறைவேறுகிறது. 1986-இல் மேலவை நீக்கப்பட்டுவிட்டதால் நம் மாநிலத்தில் இன்னொரு அவைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆளுநர் ஒப்புதல் அளித்து, அரசிதழில் வெளியான பின்னரே அது சட்டம்.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பது நல்ல தொடக்கம். ஆனால் அது போதாது. தனி உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம் என்றாலும், நாடாளுமன்றத்திலேயே 1970-க்குப் பிறகு அத்தகைய மசோதா எதுவும் சட்டமானதில்லை. ஆகவே கேள்வி நேரத்திலும், துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைப் பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்திலும் உங்கள் குறையை எழுப்பி, அரசே மசோதா கொண்டுவரச் செய்யும்படி அவரை வற்புறுத்துங்கள். பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். தனியாக அல்ல, சங்கமாகக் கையெழுத்திட்டு எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். கோழிக்கோட்டுப் பெண்களின் குரல் எடுபட்டது அவர்கள் ஒன்றுசேர்ந்த பிறகுதான்.

கேள்வி: ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினால்?
- வாசகர், குழித்துறை

பதில்: அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவின்படி, திருப்பி அனுப்பப்பட்ட மசோதாவைப் பேரவை மீண்டும் நிறைவேற்றினால், திருத்தம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது.

மார்த்தாண்டம் வாசகிக்கு ஒன்று கூடுதலாக: 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இப்போது சேர்ந்திருக்கும் 22-ஏ பிரிவு, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது. ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் கடை என்றால், நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே புகார் எழுதிக் கொடுங்கள்.