சாப்பிட்டதும் வாந்தி எடுத்துவிடுகிறேன், யாரிடம் போவது?

கல்லூரி விடுதியில் இருக்கிறேன், வீட்டுக்குத் தெரியாமல் யாரிடம் உதவி கேட்பது என்கிறீர்கள். முதலில் ஒன்று: சாப்பிட்டதை நீங்களே வரவழைத்து வாந்தி எடுக்கிறீர்கள் என்றால், இது உணவு சார்ந்த மனநல நோய், உங்கள் தப்பு இல்லை.

இன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அப்புறம் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை. அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். எடை சரியாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. மயங்கி விழுந்தால் 108.

18 வயது நிரம்பியவர் என்றால், 2017 மனநலச் சட்டப்படி நீங்கள் சொல்வதை மருத்துவர் பொதுவாக ரகசியமாகவே வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டும் விலக்கு.

என் அறைத்தோழி தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரம் ஒதுக்குவாள். டாக்டர் முன்னால் அவளுக்கு வாயே வரவில்லை. ஃபோனில் எழுதி வைத்திருந்த நாலு வரியை அப்படியே நீட்டினாள். நீங்களும் அப்படிச் செய்யலாம்.