மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் போகச் சம்மதிக்க வைப்பது எப்படி?

மனச்சோர்வு என்பது வெறும் கவலை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் வாடிக் கிடப்பது. ஆசையாக ஆடிய கிரிக்கெட்டும் பிடிக்காமல் போவது. தூக்கமும் பசியும் தாறுமாறாவது. இளவயதினரிடம் இது அழுகையாக அல்லாமல் எரிச்சலாக வெளிப்படுவதும் உண்டு. வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்!

"டாக்டரிடம் போய் என்ன ஆகப்போகிறது?" என்ற மறுப்பும் பல நேரங்களில் அந்த நோயின் பேச்சுதான். காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி கசக்கிறது. குறை கஞ்சியில் இல்லை. ஆகவே வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். மாமா மகனோடு ஒப்பிடுவதும் வேண்டாம். "கொஞ்ச நாளாக நீ இரவில் தூங்குவதில்லை, சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வருகிறது. ஒருமுறை போய்க் கேட்டுப் பார்ப்போம், நானும் வருகிறேன்" என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். டோக்கன் வாங்குவது, கல்லூரிக்கு விடுப்புச் சொல்வது போன்றவற்றை நீங்களே செய்துவிடுங்கள். சோர்ந்தவனுக்கு அவையே பெரும் பாரம். மருத்துவரின் அறைக்குள் அவன் தனியாகப் பேசட்டும்.

நேரில் வர மறுத்தால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் அது; கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் மட்டும் பொறுமை கூடாது. தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" எனக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, ஏற்கெனவே இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வழி கிடைக்கிறது.