மகன் ஐடிஐ போகிறேன் என்கிறான்: திருப்பூர் அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையனுக்குப் பத்தாம் வகுப்பில் 291 மார்க். தொழிற்பயிற்சி நிலையமான ஐடிஐ-யில் ஃபிட்டர், அதாவது மெஷின் பாகங்களைச் செய்து பொருத்தும் தொழில், படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் அப்பா, "படிப்பு ஏறாதவன் போற இடம் அது, நாலு பேர் கேட்டா என்ன சொல்றது" என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்துவிட்டான். "நான் பத்தாவதோட நின்னு பனியன் கம்பெனிக்கு வந்தவ. என் பிள்ளையும் மெஷின் முன்னாடியே நிக்கணுமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி அதுதான்.

நீங்கள் முதன்முதலில் டெய்லராக வேலைக்குச் சேர்ந்த நாளை நினைத்துப் பாருங்கள். உங்களிடம் யாரும் மார்க் ஷீட் கேட்டிருக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் நாலு பீஸை எடுத்துப் போட்டு, ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்து, "ஓட்டிக் காட்டுங்க" என்றிருப்பார். தையல் நேராகப் போகிறதா, கழுத்துப் பட்டி சுருங்குகிறதா, நூல் அறுந்தால் நீங்களே கோர்க்கிறீர்களா, அடுத்தவரைக் கூப்பிடுகிறீர்களா என்று பக்கத்தில் நின்று பார்த்திருப்பார். திருப்பூரில் எல்லாருக்கும் அதுதானே வழக்கம்? அந்தப் பத்து நிமிஷம் ஒரு பரீட்சை. நீங்கள் அதில் பாஸ்.

கல்வித்துறையில் இதையே 'திறன் அடிப்படையிலான கற்பித்தல்' என்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிறார்கள். விஷயம் சின்னது. எத்தனை வருஷம் வகுப்பில் உட்கார்ந்தான், எத்தனை பக்கம் ஒப்பித்தான் என்று பார்க்காமல், இப்போது அவனால் என்ன செய்ய முடிகிறது என்று பார்ப்பது. செய்ய வரவில்லை என்றால் அடுத்த பாடத்துக்குத் தள்ளிவிடாமல், வரும்வரை கற்றுக்கொடுப்பது. சின்ன மகள் அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தார்களே, அதுவும் இதே யோசனைதான். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால் அரும்பு. அங்கிருந்து தொடங்கு என்பது.

இந்த யோசனை நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கோவையில் தொழிலதிபர் ஜி.டி.நாயுடு 1940-களிலேயே தொழிற்கல்லூரிக்குப் பணம் கொடுத்து, தானே முதல்வராக இருந்து, நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகினார். அவர் சொன்ன இரண்டு வருஷக் கணக்கு சரியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் வருஷத்தை அளக்காதே, வேலையை அள என்ற அவருடைய பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

சரி, ஐடிஐ-க்கு வருவோம். உள்ளே என்ன நடக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாததுதான் பாதிப் பிரச்சினை. ஃபிட்டர் இரண்டு வருஷப் படிப்பு. வருஷத்துக்கு 1,200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் பட்டறையில் செய்முறை. பாஸ் மார்க்கைப் பாருங்கள்: எழுத்துத் தேர்வுக்கு 33 சதவீதம் போதும், செய்முறையில் 60 சதவீதம் வாங்க வேண்டும். செய்முறை மார்க் போடும்போது, வேலை எவ்வளவு துல்லியம் என்பதோடு, முடிக்க எத்தனை முறை ஆசிரியர் கைகொடுக்க வேண்டியிருந்தது என்பதும் கணக்கில் வருகிறது. நூல் அறுந்தால் நீங்களே கோர்க்கிறீர்களா என்று சூப்பர்வைசர் பார்த்தாரே, அதே கணக்கு.

முதல் மாதம் பெரிய மெஷின் எதையும் தொட விடமாட்டார்கள். ஒரு இரும்புத் துண்டைக் கொடுப்பார்கள். அதற்கு 'ஜாப்' என்று பெயர். வைஸில் இறுக்கிப் பிடித்து அரத்தால் ராவ வேண்டும். பிள்ளை ஒரு மணி நேரம் ராவிவிட்டு "முடிஞ்சது சார்" என்று கொண்டுபோவான். ஆசிரியர் ஒன்றும் பேச மாட்டார். மூலைமட்டத்தை ஜாப்பின்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரியும். திரும்பவும் வைஸ். இப்படி மூன்று நாள், நாலு நாள் போகும். உள்ளங்கையில் கொப்புளம் வரும். ஒரு நாள் வெளிச்சம் தெரியாது. அதற்கப்புறம்தான் வெர்னியர் என்ற அளவுகருவியைக் கையில் கொடுத்து, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்து அளக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தக் கொப்புள வாரத்தில் ஓடிப்போகிற பையன்களும் உண்டு. அதைத் தாண்டியவன் பெரும்பாலும் நின்றுவிடுகிறான்.

இதைப் படித்துவிட்டு "என் பிள்ளை இரும்பு ராவவா படிக்கணும்" என்று அவன் அப்பா கேட்பார். அவருக்குச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. பிளஸ் டூ இரண்டு வருஷம், பி.இ. நாலு வருஷம், மொத்தம் ஆறு. பத்தாவது முடித்து பாலிடெக்னிக் மூன்று வருஷம், அங்கிருந்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு, அது மூன்று வருஷம்; இதுவும் ஆறுதான். நடுவில் மூன்றாவது வருஷமே ஒரு டிப்ளமோ கையில் இருக்கும். ஐடிஐ வழியாகப் போனால்? ஐடிஐ இரண்டு வருஷம், பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, அது இரண்டு வருஷம், பிறகு பி.இ. மூன்று. மொத்தம் ஏழு. ஒரே ஒரு வருஷம் கூடுதல். டிகிரிக்கான கதவு மூடிவிடுகிறது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழும் வாங்கலாம். சேரும் இடத்திலேயே விவரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் பத்தாவதும் ஐடிஐ-யும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இஸ்ரோவில் டெக்னீஷியன் வேலைக்கும் அப்படித்தான்.

இவ்வளவு சொன்னதால் எல்லா ஐடிஐ-யும் நல்லது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு தப்பு செய்தேன். மார்க்கையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்து ஒரு பையனை ஒரு தனியார் நிலையத்துக்கு அனுப்பிவைத்தேன். வாசலில் பளபளவென்று போர்டு, வரவேற்பறையில் ஏசி. ஆறு மாதம் கழித்து அவனைப் பார்க்கப் போனபோதுதான் பட்டறைக்குள் நுழைந்தேன். லேத் மெஷின்மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. தூக்கிப் பார்த்தால் தூசி, ஜாப்பைப் பிடிக்கிற சக்கில் துரு. பையன்கள் செய்முறை ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் மெஷினைத் துடைப்பார்களாம். அந்தப் பையன் சான்றிதழ் வாங்கினான். முதல் கம்பெனியில் ஜாப்பைக் கொடுத்ததும் திருதிருவென்று முழித்தான். அந்த இரண்டு வருஷத்தை அவனுக்கு நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அதிலிருந்து நான் போர்டைப் பார்ப்பதில்லை, குப்பைத் தொட்டியைப் பார்க்கிறேன். ஓடுகிற பட்டறை என்றால் லேத்துக்குக் கீழே சுருள் சுருளாக இரும்புச் சிராய் கிடக்கும். வைஸ் மேஜைக்கு அடியில் அரத்தூள் இருக்கும். வெல்டிங் அறையில் எரிந்த ராடு துண்டுகள் கிடக்கும். சுத்தமாகத் துடைத்து வைத்த பட்டறையை நம்பாதீர்கள். நீங்களும் போய்ப் பாருங்கள். சேர்க்கை நேரத்தில் போகாமல், ஒரு சாதாரண செவ்வாய், புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் போங்கள். படிக்கிற பையன் ஒருவனிடம், "போன வாரம் என்ன ஜாப் செஞ்சீங்க தம்பி?" என்று கேளுங்கள். உண்மையில் செய்தவன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவான். ஒரு வைஸுக்கு எத்தனை பேர், ஃபிட்டர் ஆசிரியர் நிரந்தரமா வந்துபோகிறவரா என்றும் கேளுங்கள். அப்புறம் அலுவலகத்தில், நிலையத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஃபிட்டர் டிரேடுக்கு (தொழிற்பிரிவுக்கு) என்.சி.வி.டி. எனப்படும் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று தனியாகக் கேட்டு, உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். நிலையம் சரியாக இருந்து டிரேடுக்கு இல்லாமல் போனால் மாட்டிக்கொள்வது உங்கள் பிள்ளைதான்.

அரசு ஐடிஐ என்றால் பழைய மெஷின்தான் இருக்கும் என்ற பேச்சு பாதிதான் உண்மை. 2022-இல் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐடிஐ-களை ரூ.2,877 கோடியில் மேம்படுத்தத் தொடங்கியது. சி.என்.சி. எனப்படும் கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின், ரோபோ, மின்வாகனம் சம்பந்தப்பட்ட புது டிரேடுகள் அங்கே வந்திருக்கின்றன. புது டிரேடு என்ற கவர்ச்சியில் ஃபிட்டரை விட்டுவிட வேண்டியதில்லை. அரம் பிடித்துப் பழகிய கை சி.என்.சி. மெஷினிலும் நன்றாகத்தான் ஓடும் என்பது என் அனுபவம்.

காசு விஷயம். அரசு ஐடிஐ-யில் கட்டணச் சுமை பெரிதாக இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் ரூ.1,000; ஐடிஐ, டிப்ளமோ படிப்பவர்களும் அதில் அடக்கம். சேரும்போதே விண்ணப்பம் கேளுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஓராண்டு அப்ரண்டிஸ் வரும். இதில் உஷாராக இருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவு செய்து, உதவித்தொகை கொடுத்து, கடைசியில் தேர்வு வைத்துத் தேசியச் சான்றிதழ் கிடைக்கிற பயிற்சி ஒரு வகை. திருச்சி பெல் (BHEL), பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை மாதிரி இடங்களில் அது கிடைத்தால் விடாதீர்கள். "பயிற்சி" என்று பெயர் சொல்லி ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் பெட்டி தூக்க வைப்பது இன்னொரு வகை. பதிவு எண் கொடுக்காத இடத்துக்கு அனுப்ப வேண்டாம். நல்ல இடத்தில் முடித்தாலும் அங்கேயே வேலை நிரந்தரம் என்று அர்த்தமில்லை. முதல் இரண்டு மூன்று வருஷச் சம்பளம் உங்கள் டெய்லர் சம்பளத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொன்னால் நான் ஏமாற்றுக்காரன்.

பிளஸ் டூவிலேயே தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே அதுவும் வந்தது. பி.இ. கலந்தாய்வில் அந்த மாணவர்களுக்குத் தனியாக இடம் உண்டு. ஆனால் பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றதோடு பிரிவும் போய்விட்டது. உங்கள் பக்கத்துப் பள்ளியில் அடிப்படை இயந்திரவியல் பிரிவு உயிரோடு இருந்து, ஆசிரியரும் இருந்தால், அவன் அப்பாவுக்கும் பையனுக்கும் இடையில் அது ஒரு சமாதானமாக இருக்கும். இல்லையென்றால் வம்பு வேண்டாம்.

இனிப் பையனைப் பற்றி. ஃபிட்டர் என்று அவன் ஏன் சொல்கிறான்? வீட்டில் கெட்டுப்போன மிக்ஸியைக் கழற்றிப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். கழற்றியது பெரிதில்லை, எல்லாப் பையன்களும் கழற்றுவார்கள். திரும்ப மாட்டினானா, மிச்சம் ஒரு ஸ்க்ரூ இல்லாமல் மாட்டினானா என்று கேட்டு எழுதுங்கள். நண்பன் சேர்கிறான் என்பதால் சொல்கிறானா என்றும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால், தெரிந்த லேத் பட்டறை ஒன்றில் கோடை விடுமுறையில் பத்து நாள் சும்மா போய் நிற்கச் சொல்லுங்கள். மெஷினைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நாலாம் நாள் காலையில் எழுப்பாமல் எழுந்து கிளம்பினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். கணக்கில் அவன் வாங்கியது 41 மார்க் என்றிருக்கிறது. பின்னம், தசமம், பரப்பளவு மூன்றையும் இப்போதே தட்டி எழுப்ப வேண்டும். ஃபிட்டருக்குக் கணக்கு வேண்டாம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். தப்பு. தினமும் வேண்டும்.

அவன் அப்பாவையும் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பட்டறைக்குக் கூட்டிப்போங்கள். வாதாட வேண்டாம், சும்மா நின்று பார்க்கட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ரிசல்ட் வந்துவிட்டதால் இனி வீட்டுக்கே ஆட்கள் வருவார்கள். சீட் இருக்கிறது, டி.சி.யைக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். அரசு ஐடிஐ சேர்க்கை ஆன்லைனில் நடக்கிறது. பக்கத்து ஐடிஐ-யின் உதவி மையத்திலேயே பதிந்து கொடுப்பார்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நாலு போட்டோ எடுத்துப் போங்கள். ஜெராக்ஸ் இரண்டு செட்.