மைக்ரோவேவ் ஓவன்: நீங்கள் கேட்டவை, நான் சொல்பவை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருபது வருஷத்துக்கு மேலாக மிக்சி, கிரைண்டர், மைக்ரோவேவ் பழுது பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்கும் போகிறேன். என்னிடம் வரும் மைக்ரோவேவ்களில் பாதி, கொஞ்சம் விஷயம் தெரிந்திருந்தால் வந்தே இருக்காது. அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இதோ.

மஞ்சக்குப்பத்திலிருந்து: அண்ணா, நேத்து வச்ச மீன் குழம்பை சூடு பண்ணினா ஓரமெல்லாம் கொதிக்குது, நடுவுல இருக்கிற துண்டு சில்லுன்னு இருக்கு. மெஷின் பழுதா?

பழுது இல்லை அக்கா. அதன் வேலையே அப்படித்தான். உள்ளே மேக்னட்ரான் என்ற பாகம் 2.45 கிகா ஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்குகிறது. அந்த அலை உணவில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை ஆட்டிவைக்க, அதில்தான் சூடு பிறக்கிறது. அலை சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும்போது சில இடங்களில் வலுவாகவும் சில இடங்களில் மந்தமாகவும் விழும். இதை ஈடுகட்டத்தான் கண்ணாடித் தட்டு சுற்றுகிறது. போதாக்குறைக்கு, அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்கு மேல் சூடு தானாகத்தான் பரவ வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையா? ஒரு பச்சை அப்பளத்தை உள்ளே வைத்துவிட்டு கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். முழுசும் ஒரே நேரத்தில் பொரியாது. ஒரு மூலையில் கொப்புளம் கிளம்பும், அடுத்து வேறொரு இடத்தில் கிளம்பும், பிறகுதான் நடுப்பகுதி பொரியும். முப்பது நாற்பது விநாடியில் எண்ணெய் இல்லாத அப்பளமும் கிடைத்துவிடும்.

மீன் குழம்புக்கு ஆழமான கிண்ணம் வேண்டாம், அகலமான கண்ணாடிப் பாத்திரம் எடுங்கள். துண்டுகளை வட்டமாக ஓரத்தில் அடுக்கி, நடுவில் குழம்பு மட்டும் இருக்கட்டும். மூடி போட்டு, ஆவி போகக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். முழு பவர் வேண்டாம், 70 சதவீதம் போதும். ஒன்றரை நிமிடம் ஓட்டியதும் எடுத்து, கரண்டி விடாமல் பாத்திரத்தை மட்டும் ஒரு சுழற்று சுழற்றுங்கள், வஞ்சிரம் உடையாது. இன்னும் ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் வையுங்கள். துண்டின் நடுவுக்குச் சூடு போய்ச் சேருவது அந்த இரண்டு நிமிடத்தில்தான். பெரும்பாலானவர்கள் விடுகிற தப்பும் அங்கேதான். கடைசியில் தடிமனான துண்டில் கத்தி முனையைச் செருகி, ஐந்து விநாடி கழித்து எடுத்துப் புறங்கையில் தொட்டுப் பாருங்கள். சுளீரென்று சுட வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி செல்சியஸ் கணக்கு.

லாஸ்பேட்டையிலிருந்து: இட்லி ரப்பர் மாதிரி ஆகிடுது. பேக்கரியில வாங்குற நீள ரொட்டியும் அப்படித்தான். என்ன செய்யலாம்?

இட்லிக்கு வழி சுலபம். மேலே தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் மூடி, நான்கு இட்லிக்கு நாற்பது ஐம்பது விநாடி. அதற்கு மேல் ஓட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போய், ஆறியதும் கல்லாகிவிடும்.

புதுச்சேரி ரொட்டியை மைக்ரோவேவில் வைக்காதீர்கள் என்றே சொல்வேன். அந்த ரொட்டியின் அழகே மொறுமொறு ஓடுதான். மைக்ரோவேவ் உள்ளீரத்தைக் கிளப்ப, அந்த ஓடுதான் நமுத்துப்போகும். ரொட்டியின் மேல் லேசாகத் தண்ணீர் தடவி, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சிறு தீயில் சூடு காட்டுங்கள். கன்வெக்ஷன் மாடல் (ஹீட்டரும் ஃபேனும் வைத்துச் சூடான காற்றைச் சுற்றவிடுவது) வைத்திருப்பவர்கள் அந்த மோடில் ஐந்து நிமிடம் வைக்கலாம்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ஓட்டுறோம் சார். பிளக் தொட்டா சுடுது. பெட்டியில 800 வாட்னுதானே போட்டிருக்கு?

இன்றைக்கே அந்த எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிடுங்கள் சார். 800 வாட் என்பது உணவுக்குள் போய்ச் சேரும் சக்தி. அதற்காக மெஷின் லைனிலிருந்து இழுப்பது 1200 வாட் பக்கம். பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், பாருங்கள். கன்வெக்ஷன் மாடலில் ஹீட்டர் ஓடும்போது 2000 வாட்டையும் தாண்டும். 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்காது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும், அதிலும் நேராகச் செருக வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீடுகளில் பிளக் முனையைக் கழற்றிப் பார்த்தால் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். களிம்பு ஏறினால் தொடர்பு தளரும், தளர்ந்த இடம் சூடாகும். வருஷத்துக்கு ஒரு தடவை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி சாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னாலும் மேலேயும் ஒரு சாண் இடம் விடுங்கள். மெஷின் மேல் துணி போட்டு மூடுகிற வழக்கம் இருந்தால் ஓடும்போதாவது எடுத்துவிடுங்கள். மெஷின் மூச்சு விடுவது அதன் உடம்பில் இருக்கும் காற்றுத் துளைகள் வழியாகத்தான்.

முத்தியால்பேட்டையிலிருந்து: எவர்சில்வர் எதுவும் வைக்கல, ஆனாலும் உள்ளே படபடன்னு நெருப்புப் பொறி வருது. பயமா இருக்கு அண்ணா.

பயப்படாதீங்கம்மா, ஆனால் சரி செய்கிறவரை ஓட்டாதீங்க. பத்தில் எட்டுக்கு இது மைக்கா ஷீட் வேலை. வலது பக்க உள்சுவரில் அட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு தகடு இருக்கும். அலை உள்ளே வரும் வாசலுக்கு அதுதான் மூடி. அதன்மேல் எண்ணெயும் மசாலாவும் தெறித்து, காய்ந்து, கருகிக் கரியாகிவிட்டால் அந்த இடத்தில் பொறி பறக்கும். என்னிடம் வந்த ஒன்றில் ஷீட்டின் நடுவே ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டையே விழுந்திருந்தது. சுற்றிலும் கருவளையம், தொட்டால் உதிர்ந்தது. புது ஷீட் விலை அதிகமில்லை. கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டி மாட்டிவிடலாம். ஷீட் இல்லாமல் மட்டும் ஓட்டக்கூடாது.

அது இல்லை என்றால் உள்சுவரில் பெயின்ட் உரிந்து துரு தெரிகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த முனையிலும் பொறி வரும். சமைத்து முடித்ததும் உள்ளே ஈரத்தைத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் கதவைத் திறந்து ஆறவிட்டால் துரு தள்ளிப்போகும். தகடே ஓட்டை விழுந்துவிட்டால் செலவு செய்யாதீர்கள், புதிதுதான்.

தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டும் இதே வேலையைக் காட்டும், கல்யாணச் சீரில் வந்த செட்டைச் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: ஏழு மாசக் குழந்தைக்குப் பால் பாட்டிலோட பத்து விநாடி வைக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. மீன் குழம்புக்குச் சொன்ன அதே காரணம்தான், சூடு சமமாக ஏறாது. பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் கொதி சூடு நின்றிருக்கும். குழந்தையின் வாய் அதைத் தாங்காது. தாய்ப்பாலை எடுத்து வைத்திருந்தாலும் இதே பதில். மைக்ரோவேவில் தண்ணீரைச் சூடாக்கி வெளியே எடுத்து, அந்தத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்துங்கள். மூன்று நான்கு நிமிடம் ஆகும். குழந்தை அழுதாலும் பரவாயில்லை. கொடுப்பதற்கு முன் குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

வெறும் தண்ணீரிலும் ஓர் ஆபத்து உண்டு. வழவழப்பான கண்ணாடி டம்ளரில் அதிக நேரம் வைத்தால், குமிழ் கிளம்பாமலே கொதிநிலையைத் தாண்டிவிடும். எடுத்து காபித் தூளைப் போட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். முதலிலேயே ஒரு மரக்குச்சியைப் போட்டு வைத்தால் குமிழ் எழும்ப ஓர் இடம் கிடைத்துவிடும்.

பண்ருட்டியிலிருந்து: பலாக்கொட்டை வேக வைக்கலாமா அண்ணே? போன தடவை வெடிச்சுக் கதவே திறந்துக்கிச்சு.

வெடிக்கத்தான் செய்யும். தோலுக்குள் அடைபட்ட ஆவிக்கு வெளியே போக வழி வேண்டுமே! மேலே உள்ள வெள்ளைத் தோலை உரித்து, ஒவ்வொரு கொட்டையிலும் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். பத்துப் பதினைந்து கொட்டைக்கு அரை டம்ளர் தண்ணீர், உப்பு, மூடி. நான்கு ஐந்து நிமிடத்தில் கத்தி இறங்கும். உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கு முள்கரண்டியால் சுற்றிலும் குத்திவிடுங்கள். ஓட்டோடு முட்டை வைக்கவே கூடாது. அவித்து உரித்த முட்டையையும் முழுசாகச் சூடு பண்ணாதீர்கள். உள்ளே வெடிக்காமல் இருந்துவிட்டு, வெளியே எடுத்துக் கடிக்கும்போது மஞ்சள் கரு வெடித்ததும் உண்டு. பாதியாக வெட்டி வையுங்கள்.

முந்திரி வறுப்பவர்கள் முப்பது விநாடிக்கு ஒருமுறை கிளற வேண்டும், லேசாக நிறம் மாறியதுமே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் உள்சூட்டில் அது வறுபட்டுக்கொண்டே இருக்கும். காய்ந்த மிளகாயை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், வீடே இருமும்.

உங்கள் கதவு திறந்துகொண்டது என்றீர்களே, கொக்கி சரியாக விழுகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

வில்லியனூரிலிருந்து: கதிர்வீச்சு வந்து புற்றுநோய் வரும்னு மாமியார் பக்கத்துலயே வர மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு பேஸ்மேக்கர் வேற இருக்கு.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். இது எக்ஸ்ரே மாதிரியான கதிர் இல்லை, ரேடியோ அலையின் இனம். சூடாக்கும், ஆனால் அணுவை உடைக்கிற சக்தி இதற்குக் கிடையாது. மெஷின் நின்ற நொடியே அலையும் நின்றுவிடும், சோற்றில் எதுவும் மிச்சம் இருக்காது. கதவு திறந்தால் நிறுத்துவதற்கென்றே உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்விட்சுகள் உண்டு. கதவுக் கண்ணாடியில் தெரிகிற புள்ளி வலை அலங்காரம் இல்லை. அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், அந்தச் சின்ன ஓட்டையில் நுழைய முடியாது. வெளிச்சம் நுழையும், அதனால்தான் உள்ளே பார்க்க முடிகிறது.

இன்றைய பேஸ்மேக்கர்களுக்கு நல்ல நிலையில் இருக்கும் மைக்ரோவேவால் பிரச்சினை வருவதில்லை. ஆனாலும் அவருடைய இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர் வாயால் கேட்டால்தான் அம்மாவுக்கும் நிம்மதி. கதவு கோணிப்போயிருந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ, யாருமே அதை ஓட்டக்கூடாது.

நெய்வேலியிலிருந்து: ஓட்டல் பார்சல் டப்பாவோட அப்படியே வைக்கிறோம். சரியா?

டப்பாவைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்து, மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறியும் இருந்தால் வைக்கலாம். எண்ணெய் மிதக்கும் சால்னாவும் சர்க்கரைப் பாகும் தண்ணீரைவிட அதிகமாகச் சூடேறும், அவற்றைக் கண்ணாடிக்கு மாற்றிவிடுவதே நல்லது. மெலமைன் தட்டு (பீங்கான் மாதிரி தெரியும் கெட்டிப் பிளாஸ்டிக்) கூடாது. ஃபாயில் பெட்டியும் கூடாது.

கடலூர் முதுநகரிலிருந்து: ராத்திரி மீந்த சோறு காலையில் சூடு பண்ணினா கிருமி செத்துடும்தானே?

கிருமி சாகலாம், அது கக்கிய விஷம் சாகாது. சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் விஷம் சமையல் சூட்டுக்கெல்லாம் அசராது. நம் ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்க மேடையில் கிடந்த சோற்றை மைக்ரோவேவ் காப்பாற்றாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கச் சூடு பண்ணி, ஒரே தடவையில் சாப்பிட்டு முடியுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ஐடிஐ முடிச்சிருக்கேன் அண்ணா. வீடியோ பார்த்து நானே திறந்து ஃபியூஸ் மாத்தலாமா?

தம்பி, கை வைக்காதீங்க. இந்த ஒரு பதிலை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 2000 பக்கம் ஏற்றுகிறது, மேக்னட்ரானுக்குப் போகும்போது அது 4000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர் அந்தச் சக்தியைத் தேக்கி வைத்திருக்கலாம். 230 வோல்ட் ஷாக்கே ஆளைக் கொல்லலாம், இதில் கையை உதறுவதற்குக்கூட ஆள் இருக்காது. கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் பக்கத்தில் நின்று ஆறு மாசம் பழகுங்கள். என் பட்டறைக்கு வந்தாலும் சரி. முதலில் கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணுவதை, அதாவது தேங்கிய கரண்டை இறக்குவதைத்தான் காட்டுவேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காலாப்பட்டிலிருந்து: ரூமுக்கு செகண்ட் ஹேண்ட் வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பார்க்கணும்?

முதலில் கதவு. திறந்து மூடும்போது ஆட்டம் இருக்கக்கூடாது, ஓரம் எல்லாப் பக்கமும் சமமாகப் படிய வேண்டும். அடுத்து உள்சுவரில் துரு. பிறகு, ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில், 200 மில்லி போதும், மரக்குச்சி போட்டு முழு பவரில் வையுங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் கொதிக்கத் தொடங்க வேண்டும். மூன்று நிமிடம் தாண்டியும் வெறும் சூடாகவே இருந்தால் மேக்னட்ரான் தளர்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள். வெறுமனே ஓட்டிக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உணவோ தண்ணீரோ இல்லாமல் ஓடினால் அலை திரும்பி மேக்னட்ரானையே சுடும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: புயல் மழைக் காலத்துல என்ன பண்றது அண்ணா? இன்வெர்ட்டர்ல ஓடுமா?

வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் 800, 900 விஏ (அது தாங்கும் சுமையின் அளவு) இருக்கும், 1200 வாட் பக்கம் இழுக்கும் மைக்ரோவேவ் அதில் ஓடாது. முயற்சி செய்தால் இன்வெர்ட்டர் போகும்.

2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் நம்மைத் தாண்டிப் போன பிறகு எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. திரும்ப வந்ததும் என் பட்டறையில் மைக்ரோவேவ்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றிலும் கன்ட்ரோல் போர்டு கருகியிருந்தது. லைன் வந்த முதல் சில மணி நேரம் வோல்டேஜ் ஏறி இறங்கும், அதில்தான் போர்டு போகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வைத்தேன், அந்த முறை நான்கே நான்குதான் வந்தன.

அதனால் புயல் எச்சரிக்கை வந்ததும் ஸ்விட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். தரைத்தளமாக இருந்தால் மேடைக்கு மேல் தூக்கி வையுங்கள். கரண்ட் வந்து, ஃபேனும் லைட்டும் ஒரு மணி நேரம் சீராக ஓடிய பிறகு செருகினால் போதும். வெள்ளத் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தால் வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல், செருகாமலே என்னிடம் கொண்டு வாருங்கள்.